விரல் வைக்காத வாசகி

பொற்கொடிக்கு யாரையும் நம்பிப் பழக்கமில்லை. அது பிறவிக் குணம் என்று அவளுடைய அப்பா சொல்வார். இல்லை, தொழில் கொடுத்த குணம் என்று அவள் சொல்வாள். பிழை திருத்துகிறவள் ஒரு வரியை நம்பிவிட்டால் அந்த வரியில்தான் பிழை இருக்கும். பல வருடமாக வரிகளைச் சந்தேகப்பட்டுச் சம்பளம் வாங்கியவள், நாளடைவில் ஆட்களையும் அதே கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டாள். சம்பளம் என்னவோ வரிகளுக்கு மட்டும்தான் வந்தது.

அவள் வேலை பார்த்த தாயம் பதிப்பகம் மதுரையில் இருந்தது. விளையாட்டுப் புத்தகங்கள் போடுகிற இடம். விளையாட்டுப் புத்தகம் என்றால் கிரிக்கெட்டைப் பற்றியோ கபடியைப் பற்றியோ எழுதியது அல்ல. வாசகர்தான் அதில் வீரர். ஒவ்வொரு பத்திக்கும் ஓர் எண் இருக்கும், பத்தியின் முடிவில் ஒரு கேள்வி இருக்கும். கிணற்றுக்குள் இறங்கினால் 88க்குப் போ, திரும்பி நடந்தால் 214க்குப் போ. போகிற வழியில் சாவி கிடைக்கலாம், பாம்பு கடிக்கலாம், செத்தும் போகலாம். செத்தால் ஒன்றாம் பத்தியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். இதில் எங்காவது ஓர் எண் மாறினால் போதும், வீரர் செத்த பிறகும் சண்டை போட்டுக்கொண்டிருப்பார், அல்லது கையில் இல்லாத சாவியால் கதவைத் திறந்துவிடுவார்.

இந்த மாதிரித் தப்பு வரிசையாகப் படிக்கிறவர் கண்ணில் படாது. ஆடிப் பார்த்துத் தோற்றவருக்குத்தான் தெரியும். இயந்திரத்திடம் கொடுத்துப் பார்க்கலாமே என்றால், அந்தக் காலத்தில் இயந்திரத்திடம் கொடுப்பதும் தண்டோரா போடுவதும் ஒன்றாகிவிட்டிருந்தது. அதனால் அச்சுக்குப் போகுமுன் ரசிகர்களுக்கு முன்பிரதி அனுப்பிப் பிழை பிடிக்கச் சொல்வது தாயத்தின் வழக்கம். பிடித்தவர்களின் பெயர் கடைசிப் பக்கத்தில் நன்றியோடு அச்சாகும். அந்த ஒரு வரிக்காகச் சொந்தத் தங்கை கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்தில் வந்து தலைகாட்டிவிட்டுப் போன ரசிகர் ஒருவர் உண்டு.

போன புத்தகத்தில்தான் அந்தத் திருட்டு நடந்தது. ரசிகர் என்ற பெயரில் முன்பிரதி வாங்கியது ஆள் அல்ல, பக்கம் புரட்டும் கையும் படிக்கும் கண்ணும் உள்ள ஓர் இயந்திரம். தாயத்தின் புத்தகம் சிவகாசியில் அச்சாகிக்கொண்டிருக்கும்போதே அதே கதை வேறு பெயரில், வேறு அட்டையில், பாதி விலைக்குக் கடைக்கு வந்துவிட்டது. முதலாளி ஜெயசீலன் கம்பெனியை மூடிவிடலாமா என்று யோசித்தார். மூடாமல் ஆட்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். மிஞ்சிய பாதியில் பொற்கொடி இருந்தாள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாது என்பார்கள். தாயம் மறுபடியும் போய்த்தான் ஆகவேண்டும், ரசிகர் இல்லாமல் பிழை பிடிக்க முடியாதே.

ஆகவே இந்த முறை ‘ஏழாம் சுரங்கம்’ உணர்தாளில் போனது. பார்வைக்குச் சாதாரணத் தாள். தொட்டால் தொட்டதை நினைவில் வைத்துக்கொள்ளும். எந்தப் பக்கத்தில் எந்த விரல் எவ்வளவு நேரம் இருந்தது, எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம், எல்லாம் பொற்கொடியின் திரைக்கு வந்துவிடும். அது பார்க்காது, கேட்காது, தொடுவது மட்டும்தான் அதற்குத் தெரியும். ரசிகர்களிடம் சொல்லித்தான் கொடுத்தார்கள். கொஞ்சம் பொடி எழுத்தில் சொன்னார்கள், அவ்வளவுதான்.

அந்தத் திரையைப் பார்த்த இரண்டாம் நாளே பொற்கொடிக்கு ஒன்று புரிந்தது. அவளுடைய அருமை ரசிகர்கள் அத்தனை பேரும் திருட்டு ஆட்டம் ஆடுகிறார்கள். கிணற்றுக்குள் இறங்குமுன் பழைய பக்கத்தில் ஒரு விரலைச் செருகி வைத்துக்கொள்வது. பாம்பு கடித்தால் சத்தமில்லாமல் விரல் இருக்கும் பக்கத்துக்குத் திரும்பி, இறங்கவே இல்லை என்பதுபோல் அடுத்த வழியில் நடப்பது. சிலர் மூன்று விரல் வைத்து ஆடினார்கள். வங்கி மேலாளர் ஒருவர் சாமர்த்தியமாகச் சுண்டுவிரலையும் விட்டுவைக்கவில்லை. பொற்கொடி சிரித்துக்கொண்டாள். இத்தனை திருட்டுத்தனம் இருந்தால் நிச்சயம் மனிதர்கள்தான் என்று அவளுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

ஒரு பிரதியில் மட்டும் விரலே இல்லை. சிவகாசி, சங்கரேஸ்வரி என்று பெயர் போட்டிருந்தது. அந்த வாசகி செத்தால் செத்ததுதான். ஒவ்வொரு முறையும் ஒன்றாம் பத்திக்குப் போய், அதே கிணற்றடிக்கு வந்து, மறுபடி நடந்தாள். மற்ற ரசிகர்கள் எல்லாரும் சேர்ந்து பிடித்ததைவிட அதிகப் பிழைகளை அவள் ஒருத்தியே பிடித்திருந்தாள். அதிலும் முதல் கிணற்றடிச் சாவியில் இருந்த பிழையைப் பொற்கொடியே பார்க்கவில்லை. சாவியை எடுக்காமல் செத்தவன் திரும்பி வந்தாலும் சாவியோடு இருப்பதாகவே கதை போய்க்கொண்டிருந்தது. வேறு யாராக இருந்தாலும் பிழையைக் கண்டுபிடித்தவளைப் பாராட்டியிருப்பார்கள். பொற்கொடி சந்தேகப்பட்டாள்.

ஜெயசீலனிடம் காட்டியபோது அவர் திரையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“மனுசன்னா ஒரு தடவையாவது திருடுவான் பொற்கொடி,” என்றார். “செத்துச் செத்து மொதல்ல இருந்து வர்றதுக்கு யாருக்கு அவ்வளவு பொறுமை? மிஷினுக்குத்தான் பொறுமை உண்டு.”

அதைத்தான் அவளும் நினைத்திருந்தாள். குரலும் முகமும் இயந்திரங்களுக்குக் கைவந்த பிறகு, எதிரில் இருப்பது ஆளா இல்லையா என்பதை நடத்தையை வைத்துத்தான் சொல்ல முடியும் என்று ஆகிவிட்டது. அதற்காக ஏற்பட்டதுதான் மனிதச் சான்றகம். ஒவ்வொருவருக்கும் ஒரு சான்று. அது உயிரோடு இருக்கும்வரை கதவு திறக்கும், போன் பேசும், பஸ் ஏற்றிக்கொள்ளும். யார்மீதாவது சந்தேகம் வந்தால் நிறுவனங்கள் காரணத்தோடு தெரிவிக்க வேண்டும் என்று சட்டம். பொற்கொடி காரணத்துக்கான இடத்தில் ‘பக்கங்களுக்கிடையே விரல் வைப்பதில்லை’ என்று அடித்து அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனாள். சந்தேகம் பதிவானால் அந்தப் பிரதியின் தாள் தானாகவே கறுத்துப்போகும் என்பது அவளுக்குத் தெரியும், அதற்கு மேல் என்ன ஆகும் என்று அவள் யோசிக்கவில்லை. சாப்பிட்டு வந்து பார்த்தபோது பிரதி கறுத்துப் போயிருந்தது.

அடுத்த வாரத்தில் ஒரு நாள் காலை, அலுவலகக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். கதவு ஆட்களைக் கண்டால் தானாகத் திறக்கும். கூரியர்காரர் வந்தார், திறந்தது. தண்ணீர் கேன் போடுகிறவர் வந்தார், திறந்தது. அவர் பின்னாலேயே அந்தப் பெண் அடியெடுத்து வைத்தபோது மூடிக்கொண்டது. அவள் கண்ணாடியைத் தட்டினாள். உள்ளே இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதவு திறக்காத ஒன்றிடம் பேசலாமா கூடாதா என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் பொற்கொடிதான் வெளியே போனாள், அதுவும் கதவைத் தன் முதுகுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு.

“நான்தான் சங்கரேஸ்வரி,” என்றாள் அந்தப் பெண். “உங்க புத்தகம் கறுத்துப் போச்சு மேடம். அதோட சேத்து என்னையும் கறுக்க வச்சுட்டீங்க.”

முப்பத்தைந்து வயதிருக்கும். ஒரு தடவை சிவகாசியில் வார்டு கவுன்சிலராக இருந்தவளாம். தெருமுனையில் நின்று குழாய்த் தண்ணீருக்குச் சண்டை போட்ட குரல் இன்னும் அப்படியே இருந்தது. போன் செத்துவிட்டது என்றாள். பஸ் ஏற்றிக்கொள்ளாததால் தம்பியின் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வந்ததாகச் சொன்னாள். வீட்டுக்காரர் குவைத்தில் இருக்கிறார், அவரிடம் பேசக்கூட வழியில்லை என்றாள். அதுவரை உரக்கப் பேசியவள் அடுத்ததைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினாள்.

“எம்பிள்ளைய எங்கிட்டக் குடுக்க மாட்டேங்குது மேடம், அந்த ஸ்கூல் கேட்டு. ரெண்டாவது படிக்கிறா. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்னு அம்மா அம்மாங்குறா. பொறுப்பான மனிதர் யாரும் வரவில்லைன்னு கேட்டு சொல்லுது. நான் முன்னாடியே நிக்கிறேன்.”

கேட்கிறவர் மனம் இளகியிருக்க வேண்டும். பொற்கொடிக்கு இளகத்தான் செய்தது. ஆனால் இளகுவதற்காகத்தான் இதைச் சொல்கிறாளோ என்று உடனே கூடவே தோன்றியது. போட்டிக் கம்பெனிக்காரன் கூலிக்கு ஆள் பிடித்து அனுப்பியிருந்தால்? பாம்பு என்று தாண்டவும் முடியவில்லை, பழுது என்று மிதிக்கவும் முடியவில்லை. அவள் நேராகவே கேட்டுவிட்டாள், ஏன் ஒரு தடவைகூட விரல் வைத்து ஆடவில்லை என்று.

சங்கரேஸ்வரிக்கு முதலில் கேள்வியே விளங்கவில்லை. விளங்கியதும் துப்பட்டாவுக்குள் இருந்த இடது கையை வெளியே எடுத்து நீட்டினாள். உள்ளங்கை இருந்தது, கட்டைவிரலில் அடிக்கணு இருந்தது. மற்ற இடமெல்லாம் வழவழவென்று பழைய தழும்பு.

“பதினாறு வயசுல வெடி ஆபீஸ்ல போச்சு,” என்றாள். சிவகாசிக்காரர்களுக்குப் பட்டாசுத் தொழிற்சாலை ஆபீஸ்தான். “ஒத்தக் கையில புத்தகத்தையும் பிடிக்கணும், அதே கையில திருப்பணும். விரல் வைக்க நான் எங்க போவேன்? அதனால செத்தா மொதல்ல இருந்து வருவேன். ஆஸ்பத்திரியில கெடந்தப்பவே அப்படித்தான் ஆடிப் பழகுனேன். உங்க பிழையெல்லாம் எனக்குக் கெடச்சதும் அதனாலதான். விரல் வச்சு ஆடுறவங்க யாரு மொதக் கிணத்தடிக்குத் திரும்பி வர்றாங்க?”

பொற்கொடி அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்போது அவள் மனதில் வந்த முதல் எண்ணம், இப்படி ஒரு கையுள்ள பெண்ணைப் போட்டிக் கம்பெனிக்காரர்கள் எங்கே தேடிப் பிடித்தார்கள் என்பது. இரண்டாவதாகத்தான் வெட்கம் வந்தது. ஆனால் வந்தபோது நன்றாகவே வந்தது. காது வரைக்கும் சுட்டது. அவள் சங்கரேஸ்வரியை டீக்கடைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்துவிட்டு, எப்படியும் சரிசெய்து தருகிறேன் என்று சொல்லி மேலே அலுவலகத்துக்கு ஓடினாள்.

சான்றகத்தில் பேசுவதற்கு ஆள் இல்லை. ஒரு குரல் இருந்தது. மிகப் பணிவான குரல். தவறுதலாகச் சந்தேகப்பட்டுவிட்டேன், திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று பொற்கொடி சொன்னதற்கு, சந்தேகத்தைத் திரும்பப் பெறும் வசதி இல்லை என்றது. மேலும் அவள் அனுப்பிய காரணம் மிகவும் பயனுள்ளதாக இருந்ததால் ‘விரல் அளவுகோல்’ என்ற பெயரில் நூலகங்களுக்கும் தேர்வு நடத்துகிறவர்களுக்கும் வழங்கப்பட்டிருக்கிறது என்று சொல்லி நன்றியும் தெரிவித்தது. விரல் வைக்காதவர்கள் ஊரில் இன்னும் எத்தனை பேரோ, அவர்களுடைய கதவுகள் எல்லாம் இந்நேரம் மூடியிருக்கும்.

ஜெயசீலன் கெட்டவர் அல்ல. முழுக்கக் கேட்டார். மருத்துவச் சான்றிதழ், போட்டோ, கண்ணால் பார்த்த சாட்சி என்று அவள் அடுக்கியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளினார். சான்றிதழும் போட்டோவும் இயந்திரம் நொடியில் செய்துவிடும், சாட்சியை விலைக்கு வாங்கலாம், நடத்தை ஒன்றைத்தான் வாங்க முடியாது, அதனால்தானே சான்றகமே வந்தது என்றார். அளவுகோலே தப்பு என்று கம்பெனியே எழுதிக் கொடுக்கலாமே என்று அவள் கேட்டாள்.

“குடுக்கலாம்மா. அப்புறம் அதே அளவுகோல்ல நாம பாஸ் போட்ட மத்த ரசிகருக்கெல்லாம் என்ன உத்தரவாதம்? அதுல ஒண்ணு மிஷினா இருந்தா? போன தடவ மாதிரி இன்னொரு தடவ வந்தா நான் தாங்கமாட்டேன். உனக்கும் அப்பா ஆஸ்பத்திரி இருக்கு, பாத்துக்கோ.”

அது மிரட்டலா அக்கறையா என்று அவளுக்குத் தெரியவில்லை. அப்பாவுக்கு வாரத்தில் இரண்டு முறை டயாலிசிஸ். பொறுப்பாளராகக் கூட வருகிற அவளுடைய சான்று உயிரோடு இருந்தால்தான் அந்த வார்டு அவரை உள்ளே எடுக்கும். கேட்க வேறு ஆள் இல்லாத வீடு.

வழி என்று ஒன்றே ஒன்று இருந்தது. மறுவாசிப்பு. சந்தேகத்துக்குள்ளானவர் இன்னொரு பிரதியை வாங்கி மறுபடி ஆட வேண்டும். மனிதர் ஆடுவதுபோல் ஆடினால் சான்று திரும்பும். அதாவது விரல் வைக்க வேண்டும்.

இதற்கிடையில் புத்தகம் அச்சுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. சங்கரேஸ்வரி பிடித்த பிழைகள் எல்லாம் திருத்தப்பட்டன. கிணற்றடிச் சாவியும் சரியானது. நன்றிப் பக்கத்தில் மட்டும் அவள் பெயர் இல்லை. மனிதர் அல்லாததற்கு நன்றி அச்சிட்டால் நாளைக்கு அதுவே வம்பாகும் என்று ஜெயசீலன் எடுத்துவிட்டார். பொற்கொடி எதிர்த்துப் பேசவில்லை. பேசியிருக்கலாம்.

ஞாயிறு வரை காத்திருந்தால் நாள் போய்விடும் என்று விடுப்புப் போட்டுக்கொண்டு, புதிய முன்பிரதியோடு அவள் சிவகாசிக்குப் போனாள். சங்கரேஸ்வரியின் வீடு அச்சகங்கள் நிறைந்த தெருவில் இருந்தது. ஜன்னல் வழியாக மை வாசனையும் தாள் வெட்டும் சத்தமும் வந்துகொண்டேயிருந்தன. பொற்கொடி தன் யோசனையைச் சொன்னாள். புத்தகத்தை நீங்கள் பிடித்து நீங்களே ஆடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து விரலை மட்டும் நான் வைக்கிறேன். தாளுக்குக் கண் இல்லை, தொட்டது யார் என்று அதற்கு எப்படித் தெரியும்?

சங்கரேஸ்வரி தயங்கினாள். “இது ஏமாத்துறது இல்லையாக்கா?”

“எல்லாரும் ஏமாத்துறாங்கம்மா. ஏமாத்தலன்னுதான உங்க மேல புகாரே.”

அதற்கு அவள் சிரித்துவிட்டாள். மேடம் எப்போது அக்கா ஆனது என்று பொற்கொடி கவனித்தாள். இவள் காரியம் ஆவதற்காகக் குழைகிறாளோ என்றும் ஒரு கணம் நினைத்தாள். அந்தக் குணத்தை என்ன செய்வது.

மதியம் முழுக்க இருவரும் பாயில் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து ஆடினார்கள். சங்கரேஸ்வரி ஒற்றைக் கையால் பக்கத்தைத் திருப்புவாள். திருப்புமுன் பொற்கொடி ஆள்காட்டி விரலை உள்ளே செருகுவாள். பாம்பு கடித்தால் அந்த விரலுக்குத் திரும்புவார்கள். முதல் தடவை திரும்பியபோது சங்கரேஸ்வரி, இப்படி ஒரு சுகம் இருக்கிறதென்று யாருமே எனக்குச் சொல்லவில்லையே என்று ஆச்சரியப்பட்டாள். இறங்கவா வேண்டாமா என்று சண்டை வந்தது. ஒரு கட்டத்தில் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்தாள். யாரோடும் இப்படி உட்கார்ந்து பல காலம் ஆகிவிட்டது என்று பொற்கொடிக்குத் தோன்றியது. சந்தோஷமாக இருந்தது.

சாயங்காலம் நாத்தனார் பள்ளியிலிருந்து குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தர்ஷிணி என்று பெயர். பை தோளில் இருக்க, வாசலிலேயே நின்று அம்மாவை ஏற இறங்கப் பார்த்தது.

“அம்மா, நீ மிஷினா? எங்க கிளாஸ்ல எல்லாரும் சொல்றாங்க.”

சங்கரேஸ்வரி எழுந்து போய் அதன் கன்னத்தை நறுக்கென்று கிள்ளினாள். “மிஷின் கிள்ளுமாடி?” என்றாள். குழந்தை அழுதுகொண்டே அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது. பொற்கொடி தாளைப் பார்ப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டாள்.

புறப்படும்போது சங்கரேஸ்வரி பஸ் நிறுத்தம் வரை கூட வந்தாள். அவள் பஸ் ஏற முடியாது, ஏற்றிவிட வந்தாள். “எனக்காக இவ்வளவு செஞ்சிருக்கீங்க. நாளைக்கு ஏதாச்சும் ஆனா உங்கள மாட்டி விடமாட்டேன்க்கா,” என்றாள். பொற்கொடி தலையாட்டினாள். திருமங்கலம் தாண்டும்வரை அந்தப் பேச்சு அவளைக் குடைந்தது. மாட்டிவிட மாட்டேன் என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள். இனி இவள் கையில் என் குடுமி இருக்கிறதே என்று நினைத்தாள்.

மறுவாசிப்பு தேறியது. சான்று திரும்பிய அன்றைக்கே சங்கரேஸ்வரி போன் செய்தாள். பள்ளிக்கூட வாசலில் இருந்து பேசினாள். கதவு திறந்துவிட்டது, குழந்தை ஓடிவந்து மேலே விழுந்துவிட்டது, இந்தச் சத்தத்தைக் கேளுங்கள் என்று போனைக் குழந்தை பக்கம் நீட்டினாள். பொற்கொடிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒரு தப்பைச் செய்து, அதைத் தானே திருத்திவிட்டோம் என்று அன்று இரவு அப்பாவிடம்கூடச் சொன்னாள். ‘ஏழாம் சுரங்கம்’ கடைக்கு வந்தது. இந்த முறை யாரும் முந்திக்கொள்ளவில்லை. ஜெயசீலன் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

அது வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம். அப்பா டயாலிசிஸ் வார்டில் இருந்தார், பொற்கொடி வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தாள். போனில் சான்றகத்தின் செய்தி. மறுவாசிப்பில் பக்கங்களுக்கிடையே பதிவான விரல், தாயம் அலுவலகப் பிரதியில் பதிவான இன்னொருவர் விரலோடு பொருந்துகிறது. ஒரு விரல் ஒரு மனிதருக்கே உரியது. இது யாருடைய விரல்? கீழே இரண்டு பெயர்கள் இருந்தன. யார் பெயர் சொல்லப்படுகிறதோ அவர் சான்று நிலைக்கும், மற்றவர் சான்று நீங்கும். இதே கேள்வி மற்றவரிடமும் இதே நேரம் கேட்கப்பட்டிருக்கிறது. பதில்கள் முரண்பட்டால் விசாரணை நடக்கும், அது முடியும்வரை இருவர் சான்றும் நிறுத்திவைக்கப்படும்.

அவள் உடனே சங்கரேஸ்வரியை அழைத்தாள். பதில் தரும்வரை நீங்கள் இருவரும் பேசிக்கொள்ள இயலாது என்றது அந்தப் பணிவான குரல். காப்பி ஆறிப்போய்விட்டது.

தாளுக்குக் கண் இல்லைதான். ஆனால் தொட்டதை மறக்காது என்பது அவளுக்கே தெரிந்த விஷயம். அலுவலகத்தில் தானும் நாள்தோறும் அதே தாளைத் தொட்டோமே என்பது மட்டும் சிவகாசியில் அன்றைக்கு அவளுக்கு நினைவு வரவில்லை. ஊரார் பிழையை எல்லாம் பிடிக்கிறவள், தன் பிழையைக் கோட்டைவிட்டாள்.

அவள் வார்டுக் கதவைப் பார்த்தாள். உள்ளே அப்பாவின் ரத்தம் குழாயில் போய் வந்துகொண்டிருந்தது. வருகிற வெள்ளிக்கிழமையும் போய் வர வேண்டும். பிறகு சங்கரேஸ்வரியை நினைத்தாள். அவள் இந்நேரம் என்ன பதில் சொல்லியிருப்பாள்? தன் பெயரைத்தான் சொல்லியிருப்பாள். பெற்ற பிள்ளையைக் கம்பிக்கு அந்தப் பக்கம் விட்டு, நேற்றுப் பழகியவளுக்காக எவள் மாற்றிச் சொல்வாள்? மாட்டிவிட மாட்டேன் என்றாளே என்று மனதின் ஒரு மூலை முனகியது. சொன்னாள், சொல்லத்தானே செய்வாள் என்று மற்ற மூலைகள் அதட்டின.

அவள் தன் பெயரைச் சொல்லியிருக்கும்போது நானும் அவள் பெயரைச் சொன்னால் நான் ஒழிந்தேன், அப்பாவும் ஒழிந்தார். நான் என் பெயரைச் சொன்னால் பதில்கள் முரண்படும். முரண்பட்டால் விசாரணை வரும். விசாரணை வந்தால் அவள் கையைப் பார்த்துத்தானே ஆகவேண்டும்? உண்மை வெளியே வரும், இருவருமே தப்பிப்போம், விரல் அளவுகோலும் ஒழியும். கொஞ்ச நாள் கஷ்டம், அவ்வளவுதான். அப்பாவைக் கொஞ்ச நாளைக்கு எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம். யோசிக்க யோசிக்க, தன் பெயரைச் சொல்வதுதான் இருவருக்கும் நல்லது என்று அவளுக்கு உறுதியாகிவிட்டது. அவள் தன் பெயரைத் தொட்டாள்.

பதில் உடனே வந்தது.

‘இரண்டு பதில்களும் ஒத்துப்போகின்றன. விசாரணை தேவையில்லை. உங்கள் சான்று நிலைக்கிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.’

அவள் அதை மூன்றாவது முறையாகப் படித்தபோதுதான் விளங்கியது, மாட்டிவிட மாட்டேன் என்றவள் மாட்டிவிடவில்லை. எழுந்து நின்றாள், ஐயோ என்று வாய்விட்டே சொன்னாள். நர்ஸ் திரும்பிப் பார்த்தாள். பொற்கொடி சிவகாசி எண்ணை அழைத்தாள். இப்போது இணைப்புக் கிடைத்தது, மணியும் அடித்தது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம். சங்கரேஸ்வரி கம்பிக்கு இந்தப் பக்கம் போய் நின்றிருப்பாள்.

மணி நின்று, அந்தப் பணிவான குரல் வந்தது.

“மன்னிக்கவும். இந்த எண்ணில் மனிதர் யாரும் இல்லை.”